மொனேயும் டெபுஸியும் எங்கள் காலைக் கூடுகையும்: ஒரு குளிர்காலப் பருவத்தின் செய்முறைப் பதிவு

சிகாகோவின் புறநகர் ஒன்றில் எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே கல்வி கற்பித்து வருகிறோம். மூத்தவளுக்கு 11 வயது, அடுத்தவனுக்கு 8, கடைக்குட்டிக்கு 5. அவரவர் பாடங்களுக்குப் பிரிந்து போவதற்கு முன்பு எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஜெபம், பாட்டு, வேதவாசிப்பு ஆகியவற்றோடு ஓவியத்துக்கும் இசைக்கும் சிறிது நேரம் ஒதுக்குகிறோம். இதைக் காலைக் கூடுகை என்று அழைக்கிறோம். ஜனவரியில் தொடங்கி மார்ச் இறுதியில் முடிந்த பருவத்தை இம்ப்ரெஷனிச ஓவியங்களுக்கும் (கண்முன் மாறும் வெளிச்சத்தையும் நிறத்தையும் அப்படியே பிடிக்க முயன்ற பாணி), அவற்றோடு சேர்த்துப் பேசப்படும் பிரெஞ்சு இசைக்கும் என ஒதுக்கினோம். தொடக்கத்தில் நான் தாளில் எழுதிய திட்டத்தில் பாதிக்கும் குறைவானதே கடைசியில் எஞ்சியது. அந்த எஞ்சிய பகுதி நன்றாக ஓடியது. எதை நீக்கினோம், எதை வைத்துக்கொண்டோம், எவ்வளவு செலவாயிற்று என்பதை இதே முயற்சியில் இறங்க எண்ணும் குடும்பங்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன்.

இந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்க இடமே முதற்காரணம். சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு எங்கள் ஊரிலிருந்து மெட்ரா ரயிலில் போய்வரலாம். இம்ப்ரெஷனிச ஓவியர் மொனே 1890-91இல் வரைந்த கதிர்ப்போர் (வயலில் குவித்துவைத்த கதிர்க்கட்டுகள்) வரிசையில் ஆறு ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. நகரத்துச் செல்வச் சீமாட்டி பெர்த்தா பாமர், மொனேயின் ஓவியங்களை அவை வரையப்பட்ட காலத்திலேயே வாங்கிக் குவித்தவர். அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி 1922இல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. பருவம் முழுவதும் அச்சுப்படத்தில் பார்ப்பதை இறுதியில் நேரில் பார்க்க முடியும் என்ற நம்பிக்கையோடு தொடங்குவது பிள்ளைகளுக்கும் எனக்கும் பெரிய ஊக்கமாக இருந்தது.

முறை, இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியப் பயிற்சி நடத்திய சார்லட் மேசன் (1842-1923) வகுத்தது. ஒரு பருவத்துக்கு ஒருசில ஓவியங்கள் போதும். பிள்ளை ஓர் ஓவியத்தைப் பேசாமல் பார்க்க வேண்டும். கண்ணை மூடினாலும் அது தெரியும் அளவுக்குப் பார்த்தபின் படத்தைக் கவிழ்த்துவிட்டு, கண்டதைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். பெரியவர்கள் விளக்கம் தருவது அதற்குப் பிறகுதான், அதுவும் கொஞ்சமாகத்தான். கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பலவற்றின் காலை வேளை இந்த முறையை ஒட்டியே அமைகிறது.

ஓவியத் தேர்வு எளிதாக முடிந்தது. மொனேயின் கதிர்ப்போர்களில் கோடைமுடிவில் வரைந்தது ஒன்று, பனி மூடியது ஒன்று. அவரே 1877இல் வரைந்த சான் லசார் ரயில் நிலையம். கையபோத் அதே ஆண்டில் வரைந்த பாரிஸ் நகரத்து மழைநாள் தெரு. ரெனுவாரின் இரு சகோதரிகள் (1881). மேரி கசாட்டின் குழந்தைக் குளியல் (1893). இவை ஆறும் சிகாகோவிலேயே இருப்பவை. இவற்றோடு பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டைச் சேர்த்தேன்: பெர்த் மொரிசோவின் தொட்டில் (1872), மொனே பனியில் வரைந்த மேக்பைப் பறவை (1868-69). அச்சத்தோடு நான் தேடிக் கழித்த ஓவியம் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. தாய், குழந்தை, தெரு, வயல், ரயில், பனி என்று வீட்டுக்குள் தயக்கமின்றி வைக்கக்கூடிய ஓவியங்களே இந்தக் குழுவினரிடம் மிகுதி.

இசைத் தேர்வில் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. இசையமைப்பாளர் டெபுஸியின் புகழ்பெற்ற ஆரம்பகாலப் படைப்புகளில் ஒன்று, 1894இல் அரங்கேறிய ஆட்டுக்கால் வனதேவனின் பிற்பகல். அது நீர்மகளிரைத் துரத்தும் ஒரு காமக் கனவைச் சொல்லும் கவிதையிலிருந்து பிறந்தது. இசை மிக அழகானது. ஆனாலும் 5 வயதுப் பிள்ளை இருக்கும் ஜெப மேசைக்கு அதன் கதை பொருந்தாது என்று முடிவுசெய்து, மூத்தவள் வளர்ந்தபின் கேட்கட்டும் என்று ஒதுக்கிவைத்தேன். அதற்குப் பதிலாக, டெபுஸி தன் மகளுக்குக் காணிக்கையாக்கிய சிறுவர் மூலை (1908) என்ற பியானோ தொகுப்பில் பனி ஆடுவதைச் சொல்லும் பகுதி, 1910இல் வந்த முன்னிசைகளில் ஒன்றான மூழ்கிய பேராலயம், 1905இல் அரங்கேறிய கடல் என்ற இசைப்படைப்பின் முதற்பகுதி ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். இசையமைப்பாளர் ராவெல் தன் நண்பரின் இரு பிள்ளைகளுக்காகப் பியானோவில் நான்கு கைகளுக்கு எழுதிய தாய்வாத்து என்ற தொகுப்பையும் சேர்த்தேன். கடைசியாகக் கிடைத்தது லிலி பூலான்ஜேயின் 24ஆம் சங்கீதம். இசையமைப்புக்கான ரோம் பரிசை 1913இல் முதன்முதலாக வென்ற பெண் அவர். 24 வயதில், 1918இல், டெபுஸி இறந்த அதே மார்ச் மாதத்தில் இறந்தார். அவர் 1916இல் எழுதிய அந்தச் சங்கீதம் நான்கு நிமிடத்துக்கும் குறைவானது. இந்தப் பருவத்தில் நாங்கள் கேட்டவற்றில் என் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்டது அதைத்தான்.

அடுத்த வேலை அச்சிடுதல். சிகாகோ அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பழைய ஓவியங்களின் உயர்தரப் படங்களைக் காப்புரிமைத் தடையின்றித் தருகிறது. இறக்கிக்கொள்ளக் கட்டணம் இல்லை. முதலில் வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில், கடிதத் தாள் அளவில், பளபளப்பான தாளில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் மேசைக்குக் கிழக்கே சன்னல் இருப்பதால் காலை வெயில் தாளில் பட்டுக் கண்ணைக் கூசச்செய்தது. மூவரில் ஒருவருக்கேனும் படம் வெள்ளைத் திட்டாகவே தெரிந்தது. பனி ஓவியத்தின் நிழல்களில் இருக்கவேண்டிய நீலமும் இளஊதாவும் வெறும் சாம்பல் நிறமாக வந்திருந்தன. இம்ப்ரெஷனிச ஓவியத்தில் நிழலின் நிறம் போய்விட்டால் ஓவியமே போய்விட்டது போலத்தான். பிறகு அச்சுக்கடையில் 11க்கு 17 அங்குல அளவில், கனமான, மினுக்கமில்லாத தாளில் எடுத்தேன். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 2 டாலர் ஆயிற்று. அவற்றைத் தட்டு நிறுத்தும் மரத்தாங்கி ஒன்றில், பின்னால் கெட்டி அட்டை வைத்து, மேசையின் மேற்குப் பக்கத்தில் நிறுத்தினோம். தாங்கியின் விலை 8 டாலர். ஓர்சே ஓவியங்கள் இரண்டையும் பொது நூலகத்தில் இரவல் பெற்ற பெரிய ஓவிய நூலிலேயே பார்த்தோம்.

ஓவியத்தையும் இசையையும் ஒரே வேளையில் தருவதுதான் என் முதல் திட்டத்தின் மையம். கதிர்ப்போரின் பனிக்காட்சிக்குப் பனியாட்டம், தெருமழைக்கு டெபுஸியின் இன்னொரு பியானோ இசையான மழைத்தோட்டம் என்று இணைகளை அட்டவணையாக எழுதியிருந்தேன். படத்தை நிறுத்தி, இசையை ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே கேளுங்கள் என்றேன். படத்தைக் கவிழ்த்தபின் பிள்ளைகள் சொன்னவை மெலிந்திருந்தன. இசையைப் பற்றிக் கேட்டால் எதுவுமே வரவில்லை. உணவகத்தில் பின்னணியில் ஓடும் பாட்டை எப்படி விட்டுவிடுகிறோமோ அப்படி அதை விட்டிருந்தார்கள். கண்ணுக்கும் காதுக்கும் வெவ்வேறு நாளை ஒதுக்கியதும் இது மாறியது. திங்களும் புதனும் ஓவியம். செவ்வாயும் வியாழனும் இசை. இசை நாளில் தாங்கி மேசையில் இருக்காது. மேசை காலியாக இருக்கும், விரும்பியவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

இணைகளை நான் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கண்டுபிடித்தது ஒரு காகிதப் பட்டை. ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் 1840 முதல் 1930 வரை 90 செ.மீ. நீளமுள்ள பட்டையைச் சுவரில் ஒட்டினோம். ஜான் ராண்ட் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் வழியைக் கண்டுபிடித்த 1841, பாரிஸில் புகைப்படக்காரர் நாதாரின் பழைய படப்பிடிப்புக் கூடத்தில் இம்ப்ரெஷனிச ஓவியர்களின் முதல் கண்காட்சி நடந்த 1874, எட்டாவதும் கடைசியுமான கண்காட்சி நடந்த 1886, மொனே இறந்த 1926 ஆகியவற்றை நீலத்தில் குறித்தோம், இசையைச் சிவப்பில். கடல் அரங்கேறிய 1905, முதல் கண்காட்சியிலிருந்து 31 செ.மீ. தள்ளி விழுந்தது. முதல் கண்காட்சி திறந்தபோது டெபுஸிக்கு 11 வயது, என் மூத்த மகளின் வயது. ராவெல் பிறக்கவே இல்லை. ஓவியர்களும் இசைக்காரர்களும் ஒரே அறையில் கூடிப் பேசியவர்கள் போல நான் முன்பு வைத்திருந்த கற்பனையை அந்தப் பட்டை திருத்தியது. டெபுஸி இம்ப்ரெஷனிசம் என்ற பெயரைத் தன் இசைக்கு ஏற்றுக்கொண்டதும் இல்லை. எனவே, இரண்டும் ஒன்றே என்று கற்பிப்பதை விட்டு, தண்ணீரையும் வெளிச்சத்தையும் பனியையும் இரண்டு தலைமுறையினர் எப்படி வெவ்வேறாகக் கவனித்தார்கள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது உள்ளங்கை அளவு புளூடூத் ஒலிபெருக்கி. பியானோ இசைக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் கடலின் தொடக்கம் டபுள் பாஸ்களும் டிம்பனி முரசும் மிக மெல்லிய ஒலியில் முனகி எழும் விடியல். அது அந்தச் சிறு பெட்டியில் ஏறத்தாழக் கேட்கவே இல்லை. ஒலியைக் கூட்டி வைத்தால் சில நிமிடங்களில் பித்தளைக் கருவிகள் வந்ததும் கடைக்குட்டி காதைப் பொத்திக்கொண்டாள். பழைய பொருள் விற்கும் கடையில் 40 டாலருக்கு ஓர் இணை அலமாரி ஒலிபெருக்கிகளும், அவற்றை இயக்க 25 டாலருக்கு ஒரு சிறு ஆம்ப்ளிஃபையரும் வாங்கினோம். காது மட்டத்தில், மேசையிலிருந்து ஆறடி தள்ளி அவற்றை வைத்தபின்தான் அந்த முனகல் அறைக்குள் வந்தது. இந்தப் பருவத்தில் மிக அதிகம் செலவானது இதற்கே. செலவழித்ததில் எனக்கு வருத்தமில்லை.

இனி வேதவசனங்களைப் பற்றி. இதுவே எங்கள் குடும்பத்துக்கு மிக முக்கியமான பகுதி. ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஒரு வசன அட்டை எழுதிவைத்திருந்தேன். குழந்தைக் குளியலுக்கு யோவான் 13ஆம் அதிகாரம், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய பகுதி. படத்தில் ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அதன் காலைத் தொட்டியில் கழுவுகிறாள். படத்தை நிறுத்திய உடனே, பார்ப்பதற்கு முன்பாகவே, மூத்தவள் இது சீடர்களின் கால்களைக் கழுவியதைப் போன்றது என்று சொல்லிவிட்டாள். படத்தைக் கவிழ்த்தபின் கேட்டால், முன்னால் நிற்கும் குடத்தை அவள் பார்த்திருக்கவில்லை. பெண்ணின் உடையில் ஓடும் கோடுகளின் நிறம் தெரியவில்லை. நாம் மேலிருந்து கீழே நோக்கும் கோணத்தில் அந்தக் காட்சி இருப்பதையும் கவனிக்கவில்லை. அம்மா எதிர்பார்க்கும் விடையைக் கண்டுபிடித்ததும் பார்வை நின்றுவிட்டது. அன்றோடு அட்டைகளை எடுத்துவிட்டோம்.

அவற்றுக்குப் பதிலாக வேதவாசிப்பு தன் வழியிலேயே போகட்டும் என்று சங்கீதங்களை நாளுக்கு ஒன்று அல்லது அரை என்று தொடர்ந்து வாசித்தோம். ஓவியத்தோடு அதைப் பொருத்த நான் முயலவில்லை. இந்த ஓவியர்களைக் கிறிஸ்தவ ஓவியர்களாகக் காட்டுவது நேர்மையாகவும் இராது. எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கேற்ற ஒரே ஓவியரான பிசாரோ யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அரசற்ற சமுதாயத்தை நம்பியவர். அவர்கள் தம் கண்முன் இருந்ததை உண்மையோடு பார்த்தார்கள். கர்த்தர் படைத்த வெளிச்சத்தை அவ்வளவு கவனமாகப் பார்ப்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தேவையான பயிற்சி என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்; அதற்கு என் அட்டைகளின் துணை வேண்டியிருக்கவில்லை. பல வாரங்கள் கழித்து, கோடைமுடிவின் கதிர்ப்போரைக் கவிழ்த்தபின், அந்தப் போரில் கதிர் இன்னும் உதிர்க்கப்படாமல் இருக்கிறது, ஓர் ஊரின் ஒரு வருடத்து அப்பம் அதற்குள் இருக்கிறது என்று சொன்னேன். அப்படியானால் ரூத் பொறுக்கியது இதிலிருந்து விழுந்த கதிர்தானே என்று மகன் கேட்டான். வேதத்தில் அறுவடை வயலில் கதிர் பொறுக்கிய பெண் ரூத். நான் எழுதிக்கொடுக்காத வசனம் அது.

பூலான்ஜேயின் சங்கீதத்தில் மட்டும் வேதமும் இசையும் இயல்பாகவே ஒன்றாக இருந்தன. அந்த வாரம் முழுவதும் 24ஆம் சங்கீதத்தையே தமிழில் வாசித்தோம். “வாசல்களே, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்” என்ற இடத்தை மனப்பாடம் செய்தபின், பிரெஞ்சு தெரியாத பிள்ளைகள், பாடலின் நடுப்பகுதி தணிந்து பித்தளைக் கருவிகள் மறுபடி எழும் இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்று சொன்னேன். வாசல் வந்துவிட்டது என்று மூவரும் ஒரே நொடியில் உயர்த்தினார்கள்.

கடைசியில் நிலைத்த ஒழுங்கு இது. காலை 8.30க்கு ஆரம்ப ஜெபமும் ஒரு கீர்த்தனையும், 5 நிமிடம். சங்கீத வாசிப்பும் பிள்ளைகளின் மறுகூறலும், 7 நிமிடம். மனப்பாட வசனம், 3 நிமிடம். ஓவியம் அல்லது இசை, 10 நிமிடம். முடிவு ஜெபம். மொத்தம் அரைமணிக்குள் எழுந்துவிடுகிறோம். முதல் திட்டத்தில் ஓவியர் வாழ்க்கை வரலாறு, கவிதை, பிரெஞ்சுச் சொற்கள், வரைபடம் எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. அதில் கடைக்குட்டி மேசைக்கடியில் போய்விடுவாள். ஓர் ஓவியத்தைக் குறைந்தது ஒரு வாரமும், பிள்ளைகள் விரும்பினால் இரண்டு வாரமும் தாங்கியில் விட்டுவைத்தோம்.

வெள்ளிக்கிழமை கைவேலைக்கு. எண்ணெய்ப் பாஸ்டல் 16 வண்ணப் பெட்டி ஒன்றுக்கு 6 டாலர், ஆளுக்கு ஒன்று. பெட்டியிலிருந்து கறுப்பை மட்டும் எடுத்துவைத்தேன். மொனே ஒரே போரை வெவ்வேறு வெளிச்சத்தில் வரைந்ததைப் போலப் பிள்ளைகள் பின்முற்றத்தில் உள்ள மரக்கொட்டகையை வரைய வேண்டும். தாள் 5க்கு 7 அங்குலம், ஒரு தடவைக்கு 15 நிமிடம். முதலில் மூவருமே கொட்டகையின் நிழலுக்குக் கறுப்பு கேட்டார்கள். ஒரு தெளிந்த ஜனவரிக் காலையில், நடுவில் சிறு துளையிட்ட வெள்ளை அட்டையை ஆளுக்கொன்று கொடுத்து, துளை வழியே பனிமேல் விழுந்த நிழலை மட்டும் பார்க்கச் சொன்னேன். சுற்றியிருப்பவை மறைந்ததும் துளைக்குள் தெரிந்தது தெளிவான நீலம். மேகம் மூடிய நாளில் அதே துளையில் நீலம் போய் மங்கிய சாம்பலூதா வந்தது. அதன்பின் மேக்பைப் பறவை ஓவியத்தை மறுபடி திறந்தபோது வேலியின் நீல நிழலை நான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. துளையிட்ட அட்டைக்குச் செலவே இல்லை. இந்தப் பருவத்தில் நான் கையாண்ட கருவிகளில் அதைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். பாஸ்டல் குளிரில் இறுகிப் பூசவராமல் போகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். சன்னலுக்கு உள்ளே இருந்தே வரைவது நல்லது.

அருங்காட்சியகம் போவதற்கு முந்தைய வாரம், ஓவியங்களின் உண்மையான அளவைச் சுவரில் மறைப்பு நாடாவால் ஒட்டினோம். குழந்தைக் குளியல் 100.3க்கு 66.1 செ.மீ. கையபோத்தின் மழைத்தெரு 212.2க்கு 276.2 செ.மீ.; எங்கள் கூடத்தின் எட்டடிச் சுவரில் தரைக்கும் கூரைக்கும் நடுவே அரிதாகத்தான் இடம் மிஞ்சியது. 17 அங்குலத் தாளில் சாண் அளவே இருந்த குடைபிடித்த மனிதர்கள் ஏறத்தாழ ஆள் உயரத்தில் நிற்பார்கள் என்பது அப்போது புரிந்தது. நாடாவைப் பெயர்க்கும்போது சுவர்ப் பூச்சு உரியாமலிருக்க நீலநிற வண்ணப்பூச்சு நாடாவையே வாங்க வேண்டும்.

அருங்காட்சியகம் குளிர்காலத்தில் இலினாய் மாநிலவாசிகளுக்கு அறிவிக்கும் இலவச நாள்களில் ஒன்றில் போனோம். பார்க்க வேண்டியவை எனப் பருவத்தில் படித்த ஆறு ஓவியங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். மற்ற அறைகளை நடந்து கடந்தோம். கதிர்ப்போர் ஓவியங்களின் முன் மகன் வெகுநேரம் நின்றான். அச்சில் தட்டையாகத் தெரிந்த போரின் விளிம்பில் சிவப்பும் செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் கெட்டியாகப் படிந்து மேடாக நிற்பதைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்துவிட்டு, வண்ணத்துக்கே நிழல் விழுகிறது என்றான். அச்சுப்படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தராது. இரண்டு மணி நேரத்தில் கடைக்குட்டி களைத்துவிட்டாள், வெளியேறிவிட்டோம்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். முதல் நாளிலிருந்தே மினுக்கமற்ற தாளில் கடையில் அச்சிடுவேன். ஓவியங்களை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைப்பேன். ரெனுவாரின் சகோதரிகளுக்கு நாங்கள் கொடுத்த வாரம் அவசரமாக ஓடிவிட்டது. இசையை ராவெலின் தாய்வாத்திலிருந்து தொடங்கி, கதை தெரிந்த பகுதிகளைக் கேட்டுப் பழகியபின் கடலுக்குப் போவேன். ரயில் நிலைய ஓவியத்தை மெட்ரா பயணத்துக்கு மறுநாள் வைப்பேன், முந்திய மாதத்தில் வைக்கமாட்டேன். அடுத்த ஆண்டு தபசு காலத்துக்கு மொனேயின் ரூவான் பேராலய வரிசையையும் மூழ்கிய பேராலயத்தையும் வெவ்வேறு வாரங்களில் வைத்து, பெரிய வாரத்துக்கு முன்பு பூலான்ஜேயின் 130ஆம் சங்கீதத்தைக் கேட்கத் திட்டமிட்டிருக்கிறேன். அது 25 நிமிடம் அளவுக்கு நீளமானது, இருண்டது. ஒரே அமர்வில் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். எனவே “கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்பதை முதலில் மனப்பாடமாக்கிவிட்டு, இசையை ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாகச் செவ்வாய், வியாழன்களில் பிரித்து வைத்துக் கேட்கப்போகிறோம்.